சுருங்கத் துடிக்கும் குடல்

மருத்துவக் கல்லூரிகளின் மருந்தியல் ஆய்வகங்களில் முன்பு ஒரு செய்முறைப் பயிற்சி உண்டு. முயலின் சிறுகுடலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டை நறுக்கி, கண்ணாடிக் குழாய்க்குள் தொங்கவிடுவார்கள். குழாயில் டைரோடு கரைசல் இருக்கும். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் உப்புகளோடு கொஞ்சம் குளுக்கோஸும் கலந்த நீர் அது. சூடு 37 டிகிரி. அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். குடலின் மேல்முனையில் கட்டிய நூல் ஒரு நெம்புகோலை இழுக்க, நெம்புகோலின் நுனி புகைக்கரி பூசிய உருளையின்மீது கோடு கிழிக்கும். மூத்த மருத்துவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வெள்ளைக் கோட்டில் அந்தக் கரி ஒட்டி வீட்டில் திட்டு வாங்கிய கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். இன்று பல கல்லூரிகளில் முயலுக்குப் பதில் கணினித் திரையில் ஒரு படம் ஓடுகிறது.

அந்தத் துண்டுக்கு மூளையோடு தொடர்பு அறுந்துவிட்டது. முதுகுத்தண்டிலிருந்து நரம்பு வரவில்லை, ரத்த ஓட்டமும் கிடையாது. ஆனாலும் அது தன்பாட்டுக்குச் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும், அதுவும் மணிக்கணக்கில். உருளையில் அலை அலையாய்க் கோடு விழும். 1904-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ருடால்ஃப் மாக்னஸ் என்ற மருந்தியலாளர் வகுத்த முறை இது. நூறாண்டு கடந்தும் குடலைப் பற்றிப் படிக்க இதைவிட நேரடியான வழி அமையவில்லை.

இப்போது கரைசலை வடித்துவிட்டு, கால்சியம் மட்டும் சேர்க்காத கரைசலை ஊற்றினால் சற்று நேரத்தில் அலை படுத்துவிடும். கால்சியத்தைத் திரும்பக் கொடுத்தால் மறுபடி எழும். சரி, பொட்டாசியம் குளோரைடைக் கொஞ்சம் தாராளமாக விட்டால்? குடல் சட்டென்று இறுகி, நெம்புகோல் மேலே போய் நின்றுகொள்ளும். அந்த இறுக்கத்தின்மேல் வெராபமில் என்ற ரத்தக்கொதிப்பு மருந்தைச் சில சொட்டு விட்டால் மெல்லத் தளர்ந்து கீழே இறங்கும். இந்த நான்கு சோதனைகளில் எதிலும் நரம்பைத் தொடவில்லை, தசையைக் கிள்ளவில்லை. மாற்றியதெல்லாம் தசைச் செல்லுக்கு வெளியே இருக்கும் உப்பின் அளவையும், உப்பு உள்ளே போகும் வழியையும்தான். அந்த வழிகளுக்கு அயனிக் கால்வாய்கள் என்று பெயர். வயிறு சுருட்டிப் பிடிப்பது, உப்பிக்கொள்வது, மலச்சிக்கல், பேதி என்று நாம் அன்றாடம் புலம்பும் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடல் சும்மா கிடக்கிறது, யாரோ தூண்டினால்தான் அசைகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மை நிலை கிட்டத்தட்ட தலைகீழ். குடல் தசை சுருங்கவே காத்திருக்கிறது. உடலின் வேலையில் பெரும்பகுதி, அதைச் சரியான இடத்தில் சரியான நேரம்வரை பிடித்துவைப்பதுதான். ஆகவே எது சுருக்குகிறது என்ற கேள்விக்குச் சமமாக, எது தடுக்கிறது என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

குடல் சுவரில் இரண்டு அடுக்குத் தசை இருக்கிறது. உள்ளடுக்கு குழாயை வளையமாகச் சுற்றியிருக்கும். வெளியடுக்கு நீளவாக்கில் ஓடும். இரண்டும் மென்தசை, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது. கைத்தசையின் செல் சென்டிமீட்டர் கணக்கில் நீளும். மென்தசைச் செல்லோ மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதிதான்; தடிமன் சில மைக்ரோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் நுண்துளைகளால் இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றில் ஏற்படும் மின்மாற்றம் அடுத்ததற்குத் தாவும். ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே செல்போல நடந்துகொள்வது இதனால்தான்.

இந்தச் செல்லின் உள்ளும் புறமும் உப்புகளின் அளவு ஒன்றல்ல. பொட்டாசியம் உள்ளே லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல், வெளியே 4 மட்டுமே. கால்சியத்தின் கணக்கு இன்னும் வியப்பு. ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் இருப்பதைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு கால்சியம் வெளியே காத்து நிற்கிறது. நிரம்பிய ஏரிக்கும் காய்ந்த வயலுக்கும் இடையே மதகை அடைத்துவைத்தது போன்ற நிலை. திறந்தால் போதும், தள்ள வேண்டியதில்லை. அயனிக் கால்வாய் என்பது செல்லின் மெல்லிய உறைக்குக் குறுக்கே பதிந்திருக்கும் ஒரு புரதம். நடுவில் துளை உண்டு. துளையைத் திறந்து மூடும் பகுதியும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனக்குரிய அயனி இருக்கிறது. கால்சியத்துக்கானது கால்சியத்தை விடும், பொட்டாசியத்துக்கானது பொட்டாசியத்தை விடும், சில மட்டும் பேதம் பாராமல் பலவற்றை விடும். சில கால்வாய்கள் மின்னழுத்தம் மாறினால் திறக்கும், சில ஒரு வேதிப்பொருள் வந்து ஒட்டினால் திறக்கும், சில இழுத்து நீட்டினால் திறக்கும்.

ஓய்வில் இருக்கும்போது பொட்டாசியம் கால்வாய்களில் சில திறந்தே இருக்கும். உள்ளிருக்கும் பொட்டாசியம் நேர்மின் சுமையோடு வெளியே கசிவதால், செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மையில் நிற்கிறது. குடல் மென்தசையில் அது பெரும்பாலும் மைனஸ் 50 முதல் மைனஸ் 70 மில்லிவோல்ட் வரை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் எல்லாம் இதைச் சுற்றித்தான். இது பூஜ்யத்தை நோக்கி ஏறினால் தசை சுருங்கும் வாய்ப்பு கூடும். இன்னும் கீழே இறங்கினால் தசை தளர்ந்துவிடும்.

ஏறும்போது திறப்பது 'எல் வகை' கால்சியம் கால்வாய். மைனஸ் 40 மில்லிவோல்ட் அருகே வந்ததும் இவை மளமளவென்று திறக்கின்றன. வெளியே காத்திருந்த கால்சியம் உள்ளே பாய்கிறது. நரம்பிலும் கைத்தசையிலும் மின்துடிப்பை எழுப்புவது சோடியம். குடல் மென்தசையில் அந்தப் பொறுப்பு பெருமளவு கால்சியத்தினுடையது. மின்துடிப்பை எழுப்புவதும் அதுவே, தசையைச் சுருக்குவதும் அதுவே. கைத்தசை தனக்கு வேண்டிய கால்சியத்தைச் செல்லுக்குள் உள்ள சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குடல் தசை வெளியிலிருந்து வரும் கால்சியத்தை நம்பியே இருக்கிறது. கால்சியம் இல்லாத கரைசலில் முயல் குடல் படுத்துப்போனதற்குக் காரணம் இதுதான்.

உள்ளே வந்த கால்சியம் நேராகப் போய்த் தசை நாரை இழுப்பதில்லை. முதலில் கால்மோடுலின் என்ற சிறு புரதத்தோடு சேர்கிறது. நான்கு கால்சியம் அயனிகள் சேர்ந்ததும் அந்தக் கூட்டணி ஒரு நொதியை எழுப்புகிறது. நொதி மயோசின் என்ற தசைப் புரதத்தின்மீது ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதன் பிறகே மயோசின், ஆக்டின் என்ற இன்னொரு தசைப் புரதத்தைப் பிடித்து இழுக்கும். இவ்வளவு படிகள் இருப்பதால் மென்தசை நிதானமாகச் சுருங்குகிறது. ஒட்டிய பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்க இன்னொரு நொதி இருக்கிறது. அதன் கை ஓங்கினால் தசை தளரும். இதில் ஒரு சிக்கனமும் உண்டு. மென்தசை ஒருமுறை இறுகிவிட்டால் மிகக் குறைந்த ஆற்றலைச் செலவிட்டு அந்த இறுக்கத்தை நெடுநேரம் தாங்கும். மலவாயின் உள் சுருக்குத்தசை இரவும் பகலும் களைக்காமல் மூடியிருப்பது இதன் புண்ணியம்.

மின்துடிப்புக்கும் சுருக்கத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் எடித் பியூல்பிரிங். 1903-இல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் வேலையை இழந்து இங்கிலாந்துக்குப் போனார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் நிலைத்தார். மென்தசை அந்தக் காலத்தில் ஆய்வாளர்கள் ஒதுங்கிப்போன பொருள். செல் மிகச் சிறியது, போதாக்குறைக்கு ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். நுனி ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான கண்ணாடி ஊசியை, அசையும் அந்தச் செல்லுக்குள் செருகி நிறுத்தி வைத்து மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். கினிப்பன்றியின் பெருங்குடல் தசைப்பட்டையில் அதைச் செய்து, 1955-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறைக்கே அடித்தளம். தசையை நீட்டினால் மின்னழுத்தம் பூஜ்யத்தை நோக்கி ஏறுகிறது, துடிப்புகள் அடிக்கடி வருகின்றன, இழுவிசையும் அதற்கேற்ப உயர்கிறது என்று காட்டினார். வயிறு முட்டச் சாப்பிட்டதும் குடல் அசைவு கூடுவதற்கு உரிய காரணங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. உணவு சுவரை நீட்டுகிறது. நீட்சி துடிப்பைக் கூட்டுகிறது.

அப்படியென்றால் நீட்டாதபோதும் முயல் குடல் தாளம் தப்பாமல் அசைந்ததே, அது எப்படி? அந்தத் தாளத்தைத் தருவது தசைச் செல் அல்ல.

ஸ்பெயின் நாட்டு நரம்பியல் மேதை சான்டியாகோ ரமோன் இ கஹால், 1906-இல் நோபல் பரிசு பெற்றவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் குடல் சுவரில் தசைக்கும் நரம்புக்கும் நடுவே வலைப்பின்னலாய் ஓடும் ஒருவகைச் செல்களை வரைந்துவைத்தார். அவை தொடக்கநிலை நரம்புச் செல்கள் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் பலிக்கவில்லை. ஆனால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. கஹாலின் இடைச்செல்கள் என்றே இன்றும் சொல்கிறோம். அவற்றின் வேலை உறுதியானது 1990-களில்தான். அதற்கு உதவியது ஒரு வெள்ளை எலி. 'கிட்' என்ற மரபணு பழுதானால் எலியின் ரோமத்துக்கு நிறம் தரும் செல்கள் வளராமல் வெள்ளைத் திட்டுகள் வரும், ரத்தசோகையும் வரும். அதே எலியின் சிறுகுடலைப் பார்த்தால் கஹால் செல்களின் வலை இல்லை, குடலின் மின்தாளமும் இல்லை. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்திலும் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலும் 1994, 1995-இல் இதைக் காட்டினார்கள். ரோமத்தின் நிறத்தில் தொடங்கிய விசாரணை குடலின் தாளக்காரரிடம் வந்து முடிந்தது.

கஹால் செல் எப்படித் தாளம் போடுகிறது? அதன் உள்ளறையில் சேமித்த கால்சியம் அவ்வப்போது சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. அது 'ஆனோ-1' என்ற குளோரைடு கால்வாயைத் திறக்கிறது. குளோரைடு எதிர்மின் சுமையோடு செல்லைவிட்டு வெளியேறுவதால், உள்ளே மின்னழுத்தம் பூஜ்யத்தை நோக்கி ஏறுகிறது. பிறகு அடங்குகிறது, மறுபடி ஏறுகிறது. இதற்கு மெதுவலை என்று பெயர். மனித இரைப்பையில் நிமிடத்துக்கு 3 அலை, முன்சிறுகுடலில் 12, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 8 அளவுக்கு. மேலே வேகமும் கீழே நிதானமும் இருப்பதால் உணவு மேலிருந்து கீழே நகர ஒரு சாய்வு அமைந்துவிடுகிறது. ஆனோ-1 மரபணுவை நீக்கிய எலிகளில் இந்த அலையே எழவில்லை.

இந்தக் கால்வாய்க்கு ஒரு வேடிக்கையான முன்கதை இருக்கிறது. குடல் சுவரில் வரும் 'ஜிஸ்ட்' என்ற கட்டியைக் கண்டறிய, நோய்க்கூறு மருத்துவர்கள் 2004 முதல் 'டாக்-1' என்ற புரதத்தைத் தேடிவந்தார்கள். அந்தப் புரதத்தின் வேலை என்னவென்று அப்போது தெரியாது. கால்சியத்தால் திறக்கும் குளோரைடு கால்வாய் எது என்று உடலியலாளர்கள் வேறொரு பக்கம் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். 2008-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தன. அந்தக் கால்வாயும் டாக்-1-உம் ஒரே புரதம். ஜிஸ்ட் கட்டி கஹால் செல் பரம்பரையிலிருந்தே முளைப்பது என்பதால் அதில் வியப்புமில்லை. புற்றுநோய் ஆய்வகம் கட்டிக்கு அடையாளமாக வைத்திருந்த பொருள்தான் நம் குடலின் தாளக் கருவி.

இப்போது கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. மெதுவலை ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தாலும் ஒவ்வோர் அலைக்கும் குடல் சுருங்குவதில்லை. சுருங்கினால் நாள் முழுக்க வயிறு பிசைந்துகொண்டே இருக்கும். அலையின் உச்சி பல நேரம் கால்சியம் கால்வாய் திறக்கும் எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்ட வைப்பதும் தாண்டவிடாமல் அமுக்குவதும்தான் நரம்புகளின் வேலை. குடல் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் இருக்கின்றன. மூளையிடம் கேட்காமலேயே அவை முடிவெடுக்கும்.

தூண்டும் நரம்பு அசிட்டைல்கோலினை வெளியிடுகிறது. அது தசைச் செல்லின் ஏற்பியில் அமர்ந்ததும், உறையில் உள்ள 'டிஆர்பிசி-4', 'டிஆர்பிசி-6' என்ற கால்வாய்கள் திறந்து சோடியமும் கொஞ்சம் கால்சியமும் உள்ளே வருகின்றன. எலியின் சிறுகுடலில் இந்த மின்னோட்டத்தின் பெரும்பங்கு முதலாவதால் வருகிறது. மின்னழுத்தம் ஒரு படி உயர்கிறது. அதன்மேல் மெதுவலையின் உச்சி வந்து சேரும்போது எல்லை தாண்டுகிறது. உச்சியில் வரிசையாகக் கால்சியத் துடிப்புகள் கிளம்புகின்றன. துடிப்பு எத்தனையோ, அவ்வளவுக்குச் சுருக்கம் வலுவாகும். எப்போது சுருங்கலாம் என்ற நேரத்தை கஹால் செல் குறிக்கிறது, எவ்வளவு என்பதை நரம்பு சொல்கிறது, கதவைத் திறப்பது எல் வகைக் கால்வாய்.

இனி தடுக்கும் பக்கம். என் கணக்கில் இதுவே கதையின் கனமான பாதி. பாடநூல்களில் இதற்கு இடம் குறைவு.

தடுக்கும் நரம்பு இரண்டு பொருள்களை அனுப்புகிறது. ஒன்று நைட்ரிக் ஆக்சைடு. இன்னொன்று ஏடிபி வகையைச் சேர்ந்தது. இரண்டாவதை வாங்கிக்கொள்ள தசைக்கும் நரம்புக்கும் நடுவே மற்றொரு வகை இடைச்செல் இருக்கிறது. சேதி வந்ததும் அதன் சிறுகடத்தல் பொட்டாசியம் கால்வாய்கள் திறக்கின்றன. பொட்டாசியம் வெளியேற, மின்னழுத்தம் இன்னும் கீழே இறங்க, இணைந்திருக்கும் தசையும் சேர்ந்து இறங்குகிறது. தசைச் செல்லுக்குள்ளும் ஒரு காவல் உண்டு: பெருங்கடத்தல் பொட்டாசியம் கால்வாய். கால்சியம் உள்ளே பெருகினால் அதுவே இந்தக் கால்வாயைத் திறந்துவிடும், பொட்டாசியம் வெளியே ஓடி மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கும், கால்சியம் கால்வாய் மூடிக்கொள்ளும். சுருக்கத்தின் உள்ளேயே அதை முடித்துவைக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

தடுக்கும் நரம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பிறவி நோய் காட்டுகிறது. ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் வருகிறது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்புச் செல்கள் வந்து சேரவே இல்லை. நரம்பு இல்லாத பகுதி தளர்ந்து தொங்கும் என்றுதானே தோன்றும்? அது இறுகிக் குறுகிப்போய் நிற்கிறது. மலம் அதைத் தாண்ட முடியாமல், மேலே உள்ள நல்ல குடல் ஊதிப் பெருக்கிறது. பிறந்து இரண்டு நாளாகியும் குழந்தை மலம் கழிக்கவில்லை என்றால் மருத்துவர்கள் பதறுவது இதற்காகவும்தான். அறுவைச் சிகிச்சையில் அந்த இறுகிய பகுதியை எடுத்துவிட்டு நல்ல குடலை இறக்கி இணைக்கிறார்கள். தடை போனால் குடல் தானே சுருங்கிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உணவை நகர்த்தும் அலையியக்கத்திலும் இதே இரட்டை வேலைதான். 1899-இல் லண்டனில் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் குடலில் கண்டது: உணவு உருண்டைக்கு மேலே குடல் சுருங்கும், கீழே தளரும். கீழே தளராவிட்டால் மேலே எவ்வளவு அழுத்தியும் வலிதான் மிச்சம். சுருட்டிப் பிடிக்கும் வயிற்று வலிகளில் பல இப்படி வருபவை.

இவ்வளவையும் தெரிந்துகொண்டால் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகள் சில புரிய ஆரம்பிக்கும். வயிற்றுப் பிடிப்புக்குக் கொடுக்கும் டைசைக்ளோமின், ஹையோசின் ஆகியவை அசிட்டைல்கோலின் அமரும் இடத்தை அடைக்கின்றன. அதனால் வாய் உலர்வதும் பார்வை மங்குவதும் உடன் வரும். அந்த ஏற்பி குடலில் மட்டும் இல்லையே. மெபெவெரின் சோடியம் கால்வாய்களையும் தொடுகிறது. பினவேரியம் என்ற மருந்து எல் வகைக் கால்வாயையே அடைக்கிறது. குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் குறைவாகவே சேர்வதால் ரத்த அழுத்தத்தை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

ரத்த நாளச் சுவரிலும் இருப்பது அதே எல் வகைக் கால்வாய்தான். ஆகவே ரத்தக்கொதிப்புக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் கால்சியம் தடுப்பு மருந்துகள் குடலையும் தளர்த்தும். வெராபமில் சாப்பிடுவோரிடம் மலச்சிக்கல் நன்கறிந்த பக்கவிளைவு. அம்லோடிபினில் இது அவ்வளவு தொல்லையில்லை. மாத்திரை தொடங்கிய பிறகு மலச்சிக்கல் வந்தால், இசப்கோலைத் தேடும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாமாக மாத்திரையை நிறுத்திவிடுவது ஆபத்து.

இதே பக்கவிளைவை வேறிடத்தில் சிகிச்சையாக்கியிருக்கிறார்கள். மூலம் என்று சொல்லிக்கொண்டு வெட்கப்பட்டு மறைக்கும் பலருக்கு உண்மையில் இருப்பது ஆசனவாய் வெடிப்பு. வலியால் உள் சுருக்குத்தசை இறுக, இறுக்கத்தால் ரத்த ஓட்டம் குறைய, புண் ஆறாமல் வலி கூடுகிறது. 2 சதவீத டில்டியாசெம் களிம்பைத் தடவினால் அங்குள்ள கால்சியம் கால்வாய்கள் அடைபட்டுத் தசை தளர்கிறது. ரத்தம் ஓடி, பலருக்குக் கத்தி படாமலேயே புண் ஆறிவிடுகிறது. நைட்ரோகிளிசரின் களிம்பும் நைட்ரிக் ஆக்சைடு வழியாக அதையே செய்யும், ஆனால் தலைவலியைக் கொடுக்கும்.

வீட்டு மருந்துகளில் ஓமத்துக்கு இங்கே ஓரிடம் இருக்கிறது. கராச்சியின் ஆகா கான் பல்கலைக்கழகத்தில் 2005-இல் ஓம விதைச் சாற்றை முயல் குடல் துண்டின்மீது விட்டுப் பார்த்தார்கள். பொட்டாசியத்தால் இறுகியிருந்த துண்டு, வெராபமில் விட்டதைப் போலவே தளர்ந்தது. கால்சியம் கால்வாயை ஓமம் ஓரளவு அடைக்கிறது என்பதே இதற்குப் பொருள். பாட்டி வைத்தியம் முழுக்க நிரூபணமாகிவிட்டது என்று இதை நீட்டக் கூடாது. கண்ணாடிக் குழாயில் விட்ட அளவும் ஓமத்தண்ணீரில் குடலைச் சேரும் அளவும் ஒன்றல்ல. பெப்பர்மின்ட் எண்ணெயில் உள்ள மென்தாலும் இதே கால்வாயை அடைக்கிறது. குடலில் போய்க் கரையும் மாத்திரையாக அதை எரிச்சல் குடல் நோய்க்குத் தருகிறார்கள். நம் சட்னிப் புதினா பெரும்பாலும் வேறு இனம், மென்தால் அதில் சொற்பம்.

எரிச்சல் குடல் நோய் என்றாலே மனக்கவலை என்று தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயாளிகளில் சுமார் 2 சதவீதம் பேருக்கு ஒரு சோடியம் கால்வாயின் மரபணு பழுதாகியிருந்தது. இதயத்துக்கும் குடலுக்கும் பொதுவான கால்வாய் அது. மலச்சிக்கலோடு இருந்த ஒருவருக்கு, இதயத் துடிப்புக் கோளாறுக்குக் கொடுக்கும் மெக்சிலெட்டின் மருந்தைக் கொடுத்ததும் குடல் ஒழுங்குக்கு வந்தது. இரண்டு சதவீதம் சிறிய எண்தான். ஆனாலும் 'எல்லாம் உன் மனசுதான்' என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களுக்கு அது சிறிய சேதி அல்ல.

கடைசியாகப் பொட்டாசியம். வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதில்தான் அதிகம். கண்ணாடிக் குழாயில் பொட்டாசியத்தைக் கூட்டியபோது குடல் இறுகியது நினைவிருக்கும். வெளியே பொட்டாசியம் கூடினால் உள்ளிருந்து கசிவது குறையும், மின்னழுத்தம் ஏறும், கால்சியம் கால்வாய் திறக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் நடப்பது நேரெதிர். இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். அது வெகுவாக இறங்கினால் தசையின் மின்னழுத்தம் எல்லைக்கு வெகு கீழே போய், மெதுவலை எட்டிப்பிடிக்க முடியாத ஆழத்தில் நின்றுவிடுகிறது. குடல் அசையாமல் கிடக்கும். இதைக் குடல் செயலிழப்பு என்கிறார்கள்.

குழந்தைகளிடம் இது வரும் விதம் ஏமாற்றக்கூடியது. நான்கைந்து நாள் பேதி. பேதியோடு பொட்டாசியமும் போய்க்கொண்டே இருக்கிறது. பிறகு பேதி நின்றதும் வீட்டில் நிம்மதி. மறுநாள் பார்த்தால் வயிறு மத்தளம்போல உப்பியிருக்கும், வாயு பிரியாது, கழுத்து துவண்டு தலை நிற்காது, கைகால் சோர்ந்திருக்கும். பேதி குணமாகி நிற்கவில்லை, குடல் நின்றதால் நின்றிருக்கிறது. பெரியவர்களில், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுப்போருக்கும் வயிற்று அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்போருக்கும் இது வரலாம். அறுவைக்குப் பிறகு காலையில் வரும் மருத்துவர் முதலில் "வாயு பிரிஞ்சுதாம்மா?" என்று கேட்பது, நின்ற குடல் மீண்டும் அசையத் தொடங்கியதா என்று அறியத்தான்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் லிட்டருக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பதற்குக் காரணம் இந்த இழப்புதான். வீட்டில் கலக்கும் உப்பு சர்க்கரைத் தண்ணீரில் பொட்டாசியம் இல்லை. ஆபத்துக்கு அது உதவும், ஆனால் பொட்டலம் கிடைக்கும்போது அதைத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில், குறைக்காமல் கூட்டாமல். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. ஆகவே அது துணைக்குத்தான். சிறுநீரகம் பழுதானவர்கள் இளநீரை மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. அவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் தாங்காது.

குழந்தைக்குப் பேதி என்றால் அதை உடனே நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே தளர்ந்துவரும் குடலை அது இன்னும் அடக்கிவிடும். குழந்தையோ பெரியவரோ, வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல், பச்சையாக வாந்தி எடுத்தால் வாயுத் தொல்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டில் வைத்திருக்க வேண்டாம். குடல் அடைத்திருக்கிறதா, அசைவற்று நிற்கிறதா என்று பிரித்தறிய எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் தேவை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.